கச்சானுக்குச் சுத்தாத காத்தாடி

நான் வயல் சூழ்ந்த இறக்காமத்தில் பிறந்து, கடற்கரை ஊரான கல்முனைக்கு மாப்பிள்ளையாகப் போனவன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆம்பிளை ஒரு பெட்டியோடு போய் மாமி வீட்டில் ஏறவேண்டும். புது மாப்பிள்ளை மாமாவுக்கு எதிர்க்கதை கதைக்கப்படாது, மாமிக்கு முன்னால் நிற்கவே படாது. கலியாணமாகி ஒரு வருசமாக மாமியின் குரலைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டேன். அதுவும் எனக்கில்லை, "அவருக்குச் சோறு போதுமாண்டு கேளு புள்ள" என்று என் மனைவிக்கு.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு நெல் மில்லில் மெசின் பார்க்கிற வேலை. கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றக் காத்தாடி செய்யலாம் என்று வாய் தவறிச் சொன்னது நான்தான். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு வீடு மரம் தந்தது, ஒரு வீடு இறக்கை வெட்டத் தகரப் பீப்பா தந்தது. ஒன்றும் இல்லாத வீடுகள் பிடியரிசி சேர்த்து வேலை செய்தவர்களுக்குச் சோறாக்கின. எல்லாருக்கும் பங்கென்றால் எல்லாருக்கும் வாயும் உண்டுதானே! ஆணி அடிக்கக்கூட ஆலோசனைக் கூட்டம்.

மனைவி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். பிள்ளைப்பேறு கச்சான் காலத்தில். கச்சான் வயல் பக்கமிருந்து நெருப்பாய் வீசும் காற்று, கிணறெல்லாம் அடி தட்டிவிடும். "கச்சானுக்குள்ள நீ வாளி தொடத் தேவையில்ல" என்று அவளிடம் பெரிய மனிதனாட்டம் சொல்லிவிட்டேன்.

எங்கே நடுவது என்ற கதை வந்தபோது, கரைவலைக்காரரான மாமா எழும்பி, "காத்தெண்டா கடல்தான்" என்றார். கடற்கரைப் பக்கத்துப் பொதுக் கிணற்றில் நடச் சொன்னார். அதற்கு மேற்கே அடர்ந்த தென்னந்தோப்பு. கச்சான் அந்தப் பக்கத்தால்தான் வரும், தோப்பு மறிக்கும் என்று எனக்கு நல்லாத் தெரியும். கச்சானைத் தின்று வளர்ந்தவன் நான். ஆனால் சொன்னவர் மாமா. "ஓம் மாமா" என்றேன்.

கடல் காற்றில் காத்தாடி அழகாகச் சுற்றியது. மாமா அதன் கீழே கதிரை போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். பிறகு கச்சான் வந்தது. தோப்பின் உச்சி தலைவிரித்து ஆடியது, கீழே என் காத்தாடி சோம்பேறி மாப்பிள்ளையாட்டம் நின்றது. "இறக்காமத்தாரே, ஊதி விடவா?" என்று தெருவில் கேட்காத ஆளில்லை.

மனைவி எட்டு மாத வயிற்றோடு வாளி தூக்கினாள். பொறுக்கமுடியாமல் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரிஞ்சுமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தீங்க?"

"உங்கட வாப்பாவ நான் எப்பிடி மறுக்கிற?"

"அப்ப நான் தண்ணி இழுக்கிற பரவாயில்லையோ?"

அறைந்தாற்போல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மரமே இல்லாத ஒரேயொரு இடம், வீட்டுக்குப் பின்னால் வயலோரத்தில் மாமி நெல் காயப்போடும் களம். ஊறாத நாளில்லாத கிணறும் அங்கே இருந்தது. தாய் வழியாக மாமிக்கு வந்த சொத்து, மாமாவுக்கே அதில் பேச்சில்லை. குசினிக் கதவடியில் போய் நின்றேன். "மாமி" என்றேன். உள்ளே சுளகுச் சத்தம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன், கிணற்றையும் கேட்டேன்.

கதவு திறந்தது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார்.

"எடுங்க மகன். அந்தக் கச்சானிலதான் நான் இவ்வளவு காலமும் நெல்லுத் தூத்துற. தோப்படியில வெச்சா சுத்தாதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் மாமி சொல்லல்ல?"

"மருமகனோட எப்பிடிக் கதைக்கிற?"

பின்னால் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெருவே திரண்டு காத்தாடியைத் தோளில் தூக்கியது. முன் மரத்தைப் பிடித்தவர் மாமா. "நான் அப்பவே நினைச்சன்" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. களத்தில் நிமிர்த்திய உடனேயே கச்சான் அதைப் பிடித்துச் சுழற்றியது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் மனைவி அதன்மேல் ராணியாட்டம் உட்கார்ந்தாள்.

மகள் பிறந்தாள். காத்தாடித் தண்ணீரைக் குழாயில் வீட்டுக்கு எடுத்து, மாமிதான் பிள்ளையைக் குளிப்பாட்டினார். ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை? இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் நின்றவன் நான்.

"தண்ணி போதுமா மாமி?"

"போதும் மகன்! ஓடிப் போய் காத்தாடிய நிப்பாட்டுங்க, அறையெல்லாம் வெள்ளம்!"