எந்தக் குளிர்ச்சி என்று நான் கேட்கவில்லை

மலம் போகும்போது ரத்தம் வருவதை என்னிடம் சொல்வதற்கே என் மனைவி பாவாயிக்கு வெகுநாள் ஆயிற்று. சொன்ன கையோடு, "உடம்புச் சூடுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். நானும் ஆமாம் என்றேன். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் மிளகும் வாழையும் வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். சூட்டுக்கு மருந்து வீட்டிலும் தோட்டத்திலுமே இருந்தது. காலையில் மோர், சாயங்காலம் மலைவாழைப்பழம். அந்தப் பழத்தின் மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. அதுவே மருந்தாகவும் அமைந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

கட்டிய சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு அவள் இளைத்த பிறகுதான் பஸ் ஏறினோம். மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையில் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகச் சிறு கேமராவைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். புற்றுநோய் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். நிணநீர் முடிச்சுகளிலும் (உடம்பில் கிருமிகளை வடிகட்டும் சிறு கணுக்கள்) அது ஒட்டியிருந்ததால் கீமோதெரபியும் வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"வேகமா வளர்ற செல்லை அழிக்கிற மருந்துங்க இது. புற்று வேகமா வளரும். வாய்க்குள்ள தோலு, குடல் தோலு, ரத்தம் ஊறுற இடம், இதெல்லாமும் அப்படித்தான். அதனால அங்கயும் அடி விழும்" என்று விளக்கினார்.

"களைக்கு அடிக்கிற மருந்து பயிர் மேலயும் படற மாதிரிங்களா?"

"அதேதாங்க" என்றார். டாக்டரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து அவர் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"முக்கியமா ஒண்ணு. இந்த மருந்து ஏறினா குளிர்ச்சி ஆகாது. குளிர்ச்சியா எதையும் கிட்டச் சேர்க்காதீங்க."

குளிர்ச்சி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. மோர் குளிர்ச்சி, வாழைப்பழம் குளிர்ச்சி, இளநீர் குளிர்ச்சி. அடுப்பிலிருந்து இறக்கிச் சுடச்சுடப் போட்டாலும் பூசணிக்காய் குளிர்ச்சிதான். கொள்ளும் மிளகும் சூடு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீழே போய்ச் சொட்டு மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் வீட்டில் மாத்திரை. திரும்பி வருகையில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பாள். மருந்துக்கு வந்த வாந்தியா, வளைவுக்கு வந்த வாந்தியா என்று எங்களுக்கே தெரியாது. சும்மா வருகிறவர்களே அந்தப் பஸ்ஸில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

வீட்டில் நான் காவல்காரன் ஆனேன். மோரை நிறுத்தினேன். அறைக்குள் தொங்கிய வாழைத்தார் பழுத்து வீடே மணத்தது. படுத்திருந்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். உடம்புக்குச் சூடு வேண்டுமே என்று கொள்ளு ரசம் வைத்து, எங்கள் மிளகையே இடித்துப் போட்டேன். அப்போது அவளுக்கு மியூகோசைட்டிஸ் (வாயின் உள்தோல் வெந்ததுபோல் புண்ணாவது) வந்திருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் அவள் கண்ணில் தண்ணீர் வடிந்தது.

"ஒரு பழம் தாங்க. பாதி போதுங்க" என்று கேட்டாள்.

"தின்னா செத்துப் போயிருவ" என்றேன். நோயாளியிடம் சொல்கிற பேச்சா அது? அன்பு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மார்கழிக் குளிர் இறங்கியிருந்தது. குழாய்த் தண்ணீரில் கைவைத்தவள், "கரண்ட் அடிக்குதுங்க" என்று சொம்பைக் கீழே போட்டாள். எனக்குத் தெரியாமல் ஏதோ குளிர்ச்சியாகத் தின்றிருக்கிறாள் என்று முடிவு கட்டி, கீரையையும் தக்காளியையும் நிறுத்தினேன். ஒரு விடிகாலை பானைத் தண்ணீரை மொண்டு குடித்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது. கண் பிதுங்க என் தோளைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தாள். போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாயிற்று. அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "பழம் தின்னியா?"

"இல்லீங்க."

நான் நம்பவில்லை. குடிகாரனிடம் சொல்வதுபோல் வாயை ஊதச் சொன்னேன். ஊதினாள். மிளகு வாசம்தான் வந்தது.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இந்த மருந்து எனக்கு வேண்டாங்க. இனி பஸ் ஏற மாட்டேன்" என்றாள். பாதி மருந்துகூட முடிந்திருக்கவில்லை. விட்டால் நோய் திரும்பக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்பதை அவரிடமே சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கெஞ்சித்தான் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணியெல்லாம் சுட வெச்சுத்தானே குடுக்கறீங்க?" என்றார்.

"தண்ணி எதுக்குங்க? அதான் மோரு, பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டனே" என்றேன்.

"அய்யோ, நான் சொன்னது அந்தக் குளிர்ச்சி இல்லீங்க. தொட்டா ஜில்லுன்னு இருக்குமே, அது. ஜில்லுன்னு தண்ணி, ஜில்லுன்னு காத்து. பழம், மோரெல்லாம் தாராளமா குடுக்கலாம். ஜில்லுன்னு இல்லாம இருந்தாப் போதும். வாய்ப் புண்ணுக்கு யாராச்சும் மிளகு குடுப்பாங்களா?"

தண்ணீர் பட்டதும் கையில் கரண்ட் அடித்தது நியூரோபதி (நரம்பு நுனிகள் பழுதாகி மரத்துப்போவது) என்றார். குளிர்பட்டால் தொண்டை அடைப்பதும் அதனால்தான், பயமாக இருக்கும், கடந்துபோய்விடும் என்றார். மருந்தின் அளவையும் குறைத்தார்.

பாவாயி சிரித்தாள். "ஒரு வாழப்பழத்துக்கு இவரு போலீசு வேலை பாத்தாருங்கம்மா" என்றாள். அன்று சொட்டு மருந்துக்குக் கையை நீட்டவும் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாழை விளைவிக்கிற நான் அடிவாரத்துக் கடையில் பழம் வாங்கினேன். உரித்துக் கொடுத்தேன். "இனிக்குதா?" என்றேன். "இனிக்குதுங்க" என்றாள். அதன் பிறகு அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் கிடந்தது. கைக்கு உறை, காலுக்கு உறை, தினமும் பழம். தினமும் கேட்பேன், தினமும் இனிக்குது என்பாள். என் மனப்பாரம் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்த மருந்து ஏறிக்கொண்டிருக்கலாம். டாக்டர் சொல்வது புரிந்துவிட்டது என்று தோன்றினால், தயவுசெய்து அப்போதுதான் இன்னொரு முறை கேளுங்கள். எதைத் தின்னலாம், எதைத் தொடலாம் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

மருந்து முடிந்தது. ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் நாளை எண்ணுவது இப்போது அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான். அவள் விரல் நுனிகள் இன்னும் மரத்தே கிடக்கின்றன. மிளகு பறிக்கப் போனால், சரம் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

சென்ற வாரம் ஒரு சாயங்காலம் பழம் தின்றுகொண்டிருந்தவள் திடீரென்று, "ஏனுங்க! இன்னைக்குப் பழம் இனிக்குதுங்க" என்றாள்.

"தெனமும் இனிக்குதுன்னுதான சொன்ன?"

"எங்கங்க இனிச்சுது? டாக்டரம்மா பழம் தரச் சொன்னப்பவே நாக்கு செத்துப் போச்சுங்க. எதைத் தின்னாலும் துருப்புடிச்ச ஆணிய நக்குனாப்புல இருந்துச்சு. நீங்க மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டுக் கேக்கறப்ப வேற என்னத்தச் சொல்றது?"

அவள் நாக்குக்கு ருசி தெரிந்த நாளெல்லாம் நான் பழத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. பழத்தை நீட்டியபோது ருசி போயிருந்தது. என்னைத் தேற்றுவதற்காகவே அத்தனை நாளும் ஆணியை விழுங்கியிருக்கிறாள்.

அவள் இன்னொரு பழத்தை எடுத்து, தோலின் நுனியைத் தேடித் தேடிப் பார்த்தாள். விரலுக்கு அகப்படவில்லை.

"உரிச்சுக் குடுங்க" என்று என்னிடம் நீட்டினாள்.