தொய்வில்லாத கேபிள்

குப்புராஜ் எப்படிப்பட்ட ஆள் என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. என் வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவேன். இடது பக்கம் பழைய சிமெண்ட், வலது பக்கம் புது சிமெண்ட். அந்தப் புது சிமெண்டைப் பூசியவனும் அவன்தான், பூச வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

ஆரணியில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு என்னுடையது ஒன்றுதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் நான்சி டீச்சர். எதிர்வீடு குப்புராஜுடையது. வயதில் என்னைவிடச் சின்னவன், அதனால் அவன் இவன் என்றே எழுதுகிறேன். அதற்காக அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், கோபித்துக்கொள்ள ஒரு இடத்தில் நிற்க வேண்டுமே.

நிற்க மாட்டான், உட்கார மாட்டான். நாற்காலியைக் காட்டி உட்காரப்பா என்றால், அதைக் கவிழ்த்து எந்தக் கால் ஆடுகிறது என்று பார்ப்பான். ஒருநாள் பேப்பர் வாங்க வந்தவன், நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் தூசி தட்டிக் கொடுத்தான். அன்றிலிருந்து அது கணீரென்று மணி அடிக்கிறது, சரியான நேரம் மட்டும் காட்டுவதில்லை.

இப்படிப்பட்டவன் நெசவுக்காரர் வீட்டில் பிறந்ததுதான் வேடிக்கை. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்கக் கூடாது. குப்புராஜ் எழுந்திருக்க ஆயிரம் காரணம் கண்டுபிடிப்பான். ஒருமுறை எழுந்தவன் சும்மா இருக்காமல், தறிக்கு மேலே இருந்து பூவேலைக்கு இழை தூக்கும் ஜக்காடு பெட்டியை லேசாகச் சரிசெய்தான். அந்தச் சேலையின் பார்டரில் போன அன்னப்பறவைகள் அத்தனைக்கும் கழுத்து முறிந்துவிட்டது. அன்றைக்கு அவன் மனைவி உண்ணாமலை அவனைக் குழியிலிருந்து எழுப்பிவிட்டுத் தான் இறங்கியவள்தான். இன்றுவரை அந்தத் தறி அவளுடையது.

அதற்கப்புறம்தான் பழைய மாருதி கார் ஒன்றை வாங்கினான். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டினான். அந்த வேலை அவனுக்குப் பொருந்தியது, ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறதல்லவா. ஆனால் வண்டி நிற்கும் நேரமெல்லாம் பானெட் திறந்திருக்கும், உள்ளே அவன் தலை இருக்கும். செய்யாருக்குப் பெண் பார்க்கப் போன குடும்பத்தை நடுவழியில் நிறுத்தி, சத்தம் வித்தியாசமாக இருக்கிறது என்று கார்பரேட்டரைப் பிரித்துவிட்டான். அவர்கள் ராகு காலத்தில் போய் இறங்கினார்கள். பெண் வீட்டார் வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

உண்ணாமலை அன்று கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் பயம்.

"இத பாரு மாமா, இன்னொரு தபா கெடாதத நீ தொறந்தியோ, அன்னிக்கே வண்டிய வித்துடுவேன். அப்பால குழிலதான் வந்து உக்காரணும்."

சொன்னதோடு விடாமல், கழிவுப் பட்டிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, பானெட்டின் விளிம்பையும் முன்பக்கக் கம்பியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். ஆயில், தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் காலையில் அவளே வந்து அவிழ்ப்பாள், அவன் பார்க்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பாள், திரும்ப முடிந்துவிட்டுப் போவாள். தெருவே சிரித்தது. குப்புராஜும் சிரித்தான், ஆனால் தறிக்குழி என்ற பேச்சு வந்தாலே அவன் கால் தானாக ஆடத் தொடங்கும். வண்டி போனால் தன் உயிரே போனது மாதிரி என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

வருஷம் இரண்டாயிரத்து ஒன்று. வேலூரில் ஒரு கல்யாண மண்டப வாசலில் எவனோ ஒரு பையன் தன் காரின் பானெட்டைத் திறந்து நண்பர்களுக்குக் காட்டியதை இவன் பார்த்துவிட்டான். அதிலிருந்து ஆளே ஆளாக இல்லை.

"ஒரு வயரு கண்ணுல படல டீச்சர். எல்லாம் ஓரமா ஒதுக்கி, தொடச்சி வெச்ச சாமி ரூம் மாதிரி கீது. நம்ம வண்டியப் பாருங்க, ஆக்சிலேட்டர் கேபிளு இஞ்சின் மேல குறுக்கால தொங்கிகினு கீது. கால்ல மிதிச்சா அதான இழுக்குது, அதுக்குன்னு இப்படியா தொங்கணும்? தொய்வா, அசிங்கமா."

எங்கள் தெருவில் தொய்வு என்பது வசவு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் தொய்ந்தால் சேலை போச்சு. பேச்சில் பிடி இல்லாதவனையும் கடனைத் தள்ளிப்போடுகிறவனையும் தொய்ந்தவன் என்பார்கள். தறியை விட்டு ஓடிவந்தவனுக்கும் அந்தக் கண் மட்டும் போகவில்லை. தொங்கும் எதைப் பார்த்தாலும் இழுத்துக் கட்டத் தோன்றும் அவனுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை உண்ணாமலை தேவிகாபுரத்தில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று பஸ் ஏறினாள். நான் மாதா கோயிலில் பூசை முடிந்து வீடு திரும்பும்போது பானெட் திறந்து கிடந்தது. சிவப்பு நூல் கீழே மண்ணில் கிடந்தது. கேபிளைப் பழைய கொக்கியிலிருந்து எடுத்து, என்ஜினைச் சுற்றி ஓரமாகவே கொண்டுபோய், வழியெல்லாம் கிளிப் போட்டு இறுக்கி, மறுமுனையை கார்பரேட்டரில் மாட்டிக்கொண்டிருந்தான். சுற்றுவழி என்பதால் நீளம் போதுமா என்று பயந்திருக்கிறான். சரியாக எட்டிவிட்டது. ஒரு இழை மிச்சமில்லை. விரலால் தட்டிக் காட்டினான், நரம்பு மாதிரி டிங் என்றது.

"பாத்தீங்களா டீச்சர்? பாவு மாதிரி நிக்குது!"

"உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா நீயும் பாவு மாதிரிதான் நிக்கணும்," என்றேன். "அவ கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன், தெரியும்ல?"

"நானே சொல்லிடறேன் டீச்சர். நாளைக்கு அவளுக்குப் பாவு கீது. அது முடியட்டும், இப்ப சொன்னா பேஜாராயிடும்."

வண்டியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து பெடலை மிதித்துப் பார்த்தான். உறுமியது, விட்டால் அடங்கியது. திருப்தியாகப் பானெட்டை மூடி, அதே நூலால் அதே மாதிரி முடிச்சும் போட்டான். சாயங்காலம் உண்ணாமலை வந்தாள். வண்டியைக் கடந்து போகும்போது ஒரு நிமிடம் நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் அன்று தோசை ஊற்றக்கூடக் கை ஓடவில்லை. சொல்லித் தொலைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் நீட்டியது சாதாரணப் பாவு அல்ல. பட்டு வியாபாரி சம்பந்தம் தன் மகள் கல்யாணத்துக்கு என்று கொடுத்திருந்த முகூர்த்தச் சேலைப் பாவு. எங்கள் தெருவில் பாவு நீட்டினால், தெருவின் நீளத்துக்கு மூங்கில் கவைகள் நிறுத்தி, இடுப்பு உயரத்தில் பட்டிழைகளை இழுத்துக் கட்டுவார்கள். அறுந்ததைப் பிணைத்து, ஒட்டியதைப் பிரித்து, கடைசியில் கவைகளை எடுத்துவிட்டு உருளையில் சுற்றுவார்கள். சுற்றும்போது ஒரு முனையில் நாலு பேர் உருட்ட, மறுமுனைக் கோலை ஒருவர் இழுத்துப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து வர வேண்டும். பிடி விட்டால் ஆயிரக்கணக்கான இழையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. அந்தப் பிடிக்குத் தெருவில் எல்லோரும் கூப்பிடுவது உண்ணாமலையைத்தான். அன்று அவள் பாவு, அவளே பிடித்திருந்தாள். தெருமுனையில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டிருந்தார்கள். பெஞ்சு கிடந்தால் வண்டி எதுவும் உள்ளே வராது, அதுதான் எங்கள் வழக்கம்.

சம்பந்தம் தன் குடும்பத்தோடு பெரணமல்லூருக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும். குப்புராஜ் விடிந்ததும் போய் அவர்களை ஏற்றிக்கொண்டான். போகிற வழியில் பாவை ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சம்பந்தம் சொல்லியிருக்கிறார். பெஞ்சுக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம் என்று குப்புராஜ் நினைத்திருக்கிறான்.

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும் இடத்தில் சாக்கடைப் பாலம் ஒரு மேடாக இருக்கும். ஆள் நிறைந்த வண்டி அதில் முக்கித்தான் ஏறும். நான் பள்ளிக்கூடம் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மேட்டில் ஏறிய கார் திடீரென்று ஆளை அடிக்க வருகிற மாதிரி உறுமியது. குப்புராஜ் பெடலிலிருந்து காலை எடுத்து பிரேக்கை மிதித்தானாம், ஆனால் வண்டி நிற்கவில்லை, உறுமல் கூடியது. பெஞ்சு தூக்கி எறியப்பட்டது.

பாவின் முனை, அதாவது உண்ணாமலை, பெஞ்சிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. உறுமல் கேட்டு முகத்தைக் காரின் பக்கம் திருப்பியிருந்தாள். மறுமுனையில் உருட்டிக்கொண்டிருந்தவர்கள், "உடு! உட்டுட்டு ஓடு!" என்று அலறினார்கள். நானும் அலறினேன். அவள் விடவில்லை. கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

குப்புராஜ் ஸ்டியரிங்கை என் வீட்டுப் பக்கம் ஒடித்தான். கார் என் தண்ணீர்த் தொட்டியில் போய் மோதி நின்றது. தொட்டி பிளந்து தண்ணீர் தெருவில் ஓடியது. என்ஜின் இருமி அடங்கியது.

யாருக்கும் ஒன்றுமில்லை. சம்பந்தத்தின் வெள்ளைச் சட்டை முழுக்க அவருடைய வெற்றிலைச் சாறு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் ரத்தமோ என்று நான் ஓடினேன். கத்திக்கொண்டே இறங்கியவர், ஈரமாகாமல் நின்ற பாவைப் பார்த்ததும் கத்துவதை மறந்துவிட்டார்.

குப்புராஜ் தண்ணீரில் வழுக்கி விழுந்து எழுந்து உண்ணாமலையிடம் ஓடினான்.

"அறிவு கீதா உனுக்கு? உட்டுட்டு ஓட வேண்டியதுதான! பாவு போனா போவுது!"

"போனா உன்னால குடுக்க முடியுமா?" கோலைப் பிடித்த பிடியை அவள் தளர்த்தவில்லை. "ஊட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குன்னு நம்பிக் குடுத்துகிறாங்க."

"நான் பானெட்டத் தொறந்துட்டேன், உண்ணா. நேத்து நீ இல்லாதப்ப. கேபிள மாத்திட்டேன்."

"தெரியும். எம் முடிச்சுல வால் வெளிய தெரியாது. உன்னுது நாய் வாலு மாதிரி நீட்டிகினு இருந்திச்சு. வந்ததுமே பாத்தேன்."

"அப்போவே கேக்கறதுதான?"

"பாவு முடியட்டும்னு இருந்தேன்."

மூன்று பேருமே அதற்காகத்தான் காத்திருந்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குப்புராஜ் கையைக் கட்டிக்கொண்டான், அவிழ்த்தான், தலையில் வைத்தான். அழுகை வந்துவிட்டது அவனுக்கு. "வித்துடலாம். இன்னிக்கே வித்துடலாம். நான் குழில உக்காந்துடறேன்."

உண்ணாமலை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உக்காந்து? என் தறிய நோண்டுவ. அப்பால கிரைண்டர நோண்டுவ, அப்பால என்னியே நோண்டுவ. வாணாம். வண்டி இருக்கட்டும். நோண்டறதுக்கு உனுக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான் எனுக்கு நிம்மதி." பிறகு கோலை அவன் பக்கம் நீட்டினாள். "புடி. ஜல்தி புடி. நான் போயி தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"நானா?"

"நீதான். உட்றாத."

ஜக்காடு பெட்டி விவகாரத்துக்குப் பிறகு அவனை ஒரு பட்டிழையைத் தொட அவள் விட்டதில்லை. அவன் வாங்கிக்கொண்டான். உள்ளே போனவளைப் பின்தொடர்ந்து நானும் போனேன். அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தவள், என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் மேல ஏத்திட்டிருந்தா அது எப்படி டீச்சர் வாழும்? ஒரு எடத்துல உக்காரவும் தெரியாதே அதுக்கு," என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெகுநேரம் கழித்து நாங்கள் வெளியே வந்தோம். நான் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

பிறகு குப்புராஜ் எனக்கு விளக்கினான், தொட்டிக்கு சிமெண்ட் பூசிக்கொண்டே. என்ஜின் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறதாம், பாரம் இழுக்கும்போது கொஞ்சம் சாயுமாம். பழைய கேபிளின் தொங்கல் அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. இவன் இறுக்கியதால், என்ஜின் சாய்ந்ததும் கேபிள் தானே இழுபட்டது, இழுபட்டதும் வேகம் கூடியது, வேகம் கூடியதும் இன்னும் சாய்ந்தது. தொங்கல் அசிங்கமில்லை டீச்சர், அதுக்கு அது தேவை என்றான். கேபிளைப் பழையபடி குறுக்கே தொங்கவிட்டுவிட்டான். உண்ணாமலை அதற்கப்புறம் முடிச்சுப் போடவேயில்லை.

ஆனால் அவனை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காலை நேரம்தான். நாங்கள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பயத்தில் கலைந்துபோன ஆட்கள் இன்னும் உருட்டத் திரும்பவில்லை. தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நசுங்கிய வண்டியைச் சுற்றிக் கூட்டம், ஆளாளுக்கு அதன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்புராஜ் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, மூக்கு நுனியில் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டாமல், அவள் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தான்.