அசனத்துக்குப் போகாத மரம்

இன்னைக்கும் எங்க வீட்டு முற்றத்துல கால் வைக்க இடம் இல்ல. பால் கவர்ல மண்ணை நிரப்பி, நாட்டுக்கருவை நாத்தா வளத்து வச்சிருக்காவ எங்க வீட்டு ஆளு. கோழி கிளறுனா கோழிக்கு ஏச்சு, நான் மிதிச்சா எனக்கு ஏச்சு. இந்த மனுசனைப் பத்திச் சொல்லணும்னா நான் மொதல்ல வையத்தான் செய்வேன். அப்புறம் மத்ததைச் சொல்லுதேன்.

பேரு தேவசிகாமணி. நாலு வயல் வச்சு நெல்லும் வாழையும் போடுத ஆளு. ஆனா ஊருக்குள்ள 'விறகு அண்ணாச்சி'ன்னாத்தான் தெரியும். எங்க மக கிறிஸ்டிக்கு மூணு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கண்ணைத் திறக்காமக் கெடந்தா. அப்போ இவுக வராண்டாவுல முழங்கால் போட்டு, "பிள்ளையத் தந்துரும் ஆண்டவரே, நான் உயிரோட இருக்க வரைக்கும் சபை அசனத்துக்கு வேண்டிய விறகு பூராம் என் கையால வெட்டித் தாரேன்"னு பொருத்தனை பண்ணிட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா ரெண்டு மூட்டை அரிசியோட முடிச்சிருப்பேன்.

அசனம்னா லேசுப்பட்ட காரியம் இல்ல. ஈஸ்டர் கழிஞ்சு வாற பண்டிகையில சபை மொத்தமும் சேர்ந்து ஆக்கி, வேதக்காரங்க, இந்துக்காரங்கன்னு பாக்காம வாறவுகளுக்கெல்லாம் சோறு போடுதது. வேதக்கோயில் வளவுக்குள்ள வரிசையா அடுப்பு வெட்டி அண்டா ஏத்துவாவ. விறகு மலையாட்டம் வேணும். வேற யாராவது ஒரு சுள்ளி கொண்டாந்தாலும் இவுக மூஞ்சி கோணிப் போகும்.

அவ்வளவு விறகுக்கு எங்க போக? குளத்துக்குத்தான். ஆத்துத் தண்ணி வாய்க்கால் வழியா வந்து நிறையுத குளம் அது. நான் வாக்கப்பட்டு வந்தப்போ உள்ள நாட்டுக்கருவை நின்னுச்சு. அதை ஏலம் விட்டு வெட்டினாங்க. வெட்டின இடமெல்லாம் சீமைக்கருவை ஏறிட்டு. அந்த முள்ளு குத்திச் சீழ் வச்சுத்தான் இவுக கால் சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில எடுத்தாவ. அந்த ஆத்திரத்தோட, பஞ்சாயத்துல கேட்டுக்கிட்டு, கீழக்கரையில இருந்து வருசா வருசம் தூரோட பறிச்சு அசனத்துக்குக் கொண்டு போனாவ.

கீழக்கரை வெளியாச்சு. புல்லு முளைச்சுது. ஒரு நாளு பாத்தா ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில முட்டை போட்டிருக்கு. முள்ளு அடைச்சுக் கெடந்தவரைக்கும் அது அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. அதுக்கு நாலாபக்கமும் கண்ணுக்குத் தெரியுத வெட்டவெளி வேணுமாம். இவுகளுக்குத் தலைகால் புரியல. "ஏளா, அசனத்துக்கு விறகும் ஆச்சு, குருவிக்கு வீடும் ஆச்சு. பாத்தியா?"ன்னு, போறவன் வாறவனை எல்லாம் கூட்டிட்டுப் போயி முட்டையக் காட்டினாவ. அந்த மரம் தொலைஞ்சாப் பறவைக்கு நல்ல காலம்னு மனசுல ஊணிட்டு. அங்கதான் வினை.

போன வருசம் கிறிஸ்டி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. மருமகன் ரிச்சர்டுக்குப் பேட்டையில பட்டறை வேலை, லீவு கிடையாது. கீழக்கரையில மரம் தீந்து போச்சு. நடுக்குளத்துல நிக்கதை எடுத்துருவோம்னு இவுக சொன்னாவ. அங்க தண்ணி வத்துனாத்தான் ஆள் இறங்க முடியும். சாயங்காலம் பறவை வந்து அடையுதது எல்லாருக்கும் தெரியும். ராத்தங்கப் போகுதுன்னு நினைச்சோம். உள்ள என்ன இருக்குன்னு யாரு போயிப் பாத்தா?

காலையில வயக்காட்டுக் கூட்டாளி பூதத்தானைக் கூட்டிட்டு, மரம் அறுக்க மிஷினோட போனாவ. கொஞ்ச நேரத்துல குளத்துப் பக்கம் அப்படி ஒரு அலறல். மரம் ஆள் மேல சாஞ்சிட்டோன்னு நினைச்சேன். தலைமுடியக் கூட அள்ளி முடியாம ஓடுனேன்.

மரம் சாஞ்சு கெடக்கு. சேத்துல சுள்ளிக்கூடு சிதறி, வக்காக் குஞ்சுங்க வாயைப் பொளந்துட்டுத் துடிக்கு. பொழுது சாஞ்சா 'குவாக்'னு கத்திட்டு இரைக்குப் போகுமே, சிவந்த கண்ணு, அதுதான் வக்கா. அண்ணாந்து பாத்தா மரத்துக்கு மரம் கூடு. கொக்கு, நீர்க்காகம், எல்லாம் குஞ்சும் குட்டியுமா. தாய்ப் பறவைங்க தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது. எங்க வீட்டு ஆளு சேத்துல முழங்கால் போட்டுக் குஞ்சுகளைத் துண்டுல பொறுக்குதாவ.

"அண்ணாச்சி, மிஷினை ஓட்டவா, வேண்டாமா?"ன்னு பூதத்தான் கேட்டாரு.

"நிறுத்துலே. நிறுத்து."

உயிர் இருந்ததுகளை மடியில கட்டிக்கிட்டு முள்ளு மரத்துல ஏறி, மத்த கூட்டுல பைய வச்சாவ. உடம்பு பூராம் ரத்தக் கோடு. செத்ததுகளைக் கரையில குழிவெட்டிப் புதைச்சாவ.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடிபிடின்னு பிடிச்சேன். "உங்க விரலைத் தின்ன மரத்தையா காப்பாத்துதிய?"

"மரத்தை இல்லளா. ஆள்காட்டிய விரட்டுனதும் இந்த மரந்தான். வக்காவுக்கு இடம் குடுத்ததும் இந்த மரந்தான். அதுங்க இருந்த நாட்டுக்கருவைய நாம வித்துத் தின்னாச்சு. போக்கிடம் இல்லாம இதுல வந்து கட்டியிருக்கு. மாத்து மரம் வளராம இதையும் எடுத்தா எங்கன போகும்?"

"அப்போ பொருத்தனை? பிள்ள நிறைமாசமா இருக்கா. அவளுக்காக ஆண்டவர்கிட்ட சொன்ன வாக்கை இப்பமா மீறப் போறிய?"

எனக்கு அழுகை பொங்கிட்டு. இவுக 'ஏளா'ன்னு கூப்பிடாம என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ. "அதைத்தான் பாக்கியம், காலையில இருந்து நினைச்சு நினைச்சுச் சாகுதேன்"னாவ.

ரோட்டோரம், வாய்க்கால் ஓரம்னு கூடு இல்லாத மரமாத் தேடி வெட்டினாவ. பாதி விறகு கூடத் தேறல. சாஞ்ச மரத்தைப் பூதத்தான் கரையில இழுத்துப் போட்டிருந்தாரு. "குஞ்சு செத்த மரத்தை அசனத்துக்குக் கொண்டு போக மாட்டேன்"னு ஒரே பிடியா நின்னுட்டாவ. குருவானவர்கிட்டப் போயி, "இந்த வருசம் என் பொருத்தனை குறையுது ஐயா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாவ.

அசனத்துக்கு முந்தின நாளு பொம்பளைங்க எல்லாரும் உக்காந்து கத்தரிக்கா வெட்டுதோம். ஒருத்தி, "குருவிக்காக ஆண்டவரையே விட்டாச்சாம்லா"ன்னு இளிச்சா. எனக்கு வந்துதே கோவம்! எங்க வீட்டு ஆளை வைய எனக்கு மட்டுந்தான் பாத்தியதை. "நீ கத்தரிக்காயப் பாத்து வெட்டுட்டி, விரலு போயிராம"ன்னுட்டு எழுந்து வீட்டுக்கு வந்துட்டேன்.

எங்க வீட்டுப் பின்னால ஒரு விறகடுக்கு உண்டு. பிள்ளை பெத்து வாறவளுக்கு நாள் தவறாம வெந்நி ஊத்தணும்லா? அதுக்காக வருசம் பூராம் புளியும் வேம்பும் காய வச்சுச் சேத்தது. வெட்டினது இவுக, அடுக்கினது நான். அது அங்க இருக்குன்னு இவுகளுக்கு நல்லாத் தெரியும். ஒரு தடவை கூட வாயத் திறந்து கேக்கல. அந்த அடுக்குக்கு முன்னால போயி நின்னேன்.

கிறிஸ்டி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து பக்கத்துல நின்னா. "எனக்காகப் பண்ணின பொருத்தனை தானம்மா. எனக்கு வச்ச விறகையே குடேன்"னா.

"ஏங்க, வண்டியக் கொண்டாங்க!"ன்னு தெருவுக்கே கேக்கக் கத்துனேன்.

அசனத்துக்கு அடுப்பு ஒண்ணு கூட அணையல. பந்தியில இவுக இலைக்கு நான்தான் சோறு வச்சேன். நிமிந்தே பாக்கல மனுசன்.

அடுத்த வாரம் கிறிஸ்டிக்குப் பொம்பளப் பிள்ள, சுகப்பிரசவம். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, வெந்நி போட ஒரு கட்டை விறகு இல்ல. கேஸ்ல வச்சா அது வெந்நியா? இவுக எந்திரிச்சுப் போயி, கரையில காஞ்சு கெடந்த அந்த மரத்தைத் துண்டு போட்டுத் தோள்ல சுமந்துட்டு வந்தாவ.

அடுப்பைப் பத்த வச்சுட்டு அங்கனயே உக்காந்துட்டாவ. கண்ணு கலங்கியிருந்துது. "புகையா?"ன்னு கேட்டேன்.

"இல்லளா. ஒருத்தி பிள்ளை வளத்த மரம்லா இது"ன்னாவ.

உள்ள பேத்தி அழுதா. தண்ணி கொதிக்கவரைக்கும் அவுக பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.