பாதி ஊசி

கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளிகளின் வண்டிகளில், சொல்லித்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு மட்டும் மிதிக்க வேண்டியது அது. நம் ஆசாமி அதன் மேலிருந்து காலை எடுத்ததே இல்லை. தூரத்தில் ஒரு நாய் திரும்பிப் பார்த்தால் மிதிப்பார். விளக்கு மஞ்சளாவதற்கு முன்பே மிதிப்பார். ஒன்றுமே இல்லாவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மிதி. கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். அவரிடம் படித்தவர்கள் வகுப்பில் எதிலும் மோதியதில்லை, ஆனால் தேர்வில் பாதிப் பேர் கோட்டை விட்டார்கள். தாங்களாக பிரேக் போடும் அவசியம் அவர்களுக்கு வந்திருந்தால்தானே!

கல்யாண விஷயத்திலும் அதே கதைதான். வரன் நெருங்கும்போதெல்லாம் யோசித்து யோசித்து, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு மாடி வீட்டில் அக்காவும் அவரும் இருந்தார்கள். அக்கா தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் உருப்படியான நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்திருப்பது சாம்பல் நிறப் பூனை. மற்ற இருவருக்கும் மடக்கு நாற்காலி. பூனைக்குத் துரை என்று பெயர் வந்தது அப்படித்தான்.

முன்பு ஒருமுறை துரைக்குச் சர்க்கரை வியாதி வந்தது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அக்காவுக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எல்லாம் மாஸ்டர் கைதான். ஒருநாள் துரை சரியாகச் சாப்பிடாததைக் கவனிக்காமல் ஊசி போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, பூனை தள்ளாடி விழுந்து, கால்களை இழுத்துக்கொண்டு துடித்தது. ஈறில் தேனைத் தடவி எப்படியோ பிழைக்க வைத்தார்கள். பிறகு சில மாதங்களில் சர்க்கரை தானாகவே அடங்கி, ஊசியே வேண்டாம் என்றாகிவிட்டது. துரை எல்லாவற்றையும் மறந்து கொழுத்தான். மாஸ்டர் மட்டும் அந்தத் துடிப்பை மறக்கவில்லை.

இப்போது தண்ணீர்க் கிண்ணம் மறுபடி சீக்கிரமே காலியாக ஆரம்பித்தது. வெயில் காலம் அல்லவா என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. துரை சிறுநீர் கழிக்கும் மண் தட்டைத் தூக்கிப் பார்த்த அக்காதான், கனக்கிறது, நட டாக்டரிடம் என்றாள்.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, நோய் போகவில்லை, ஒளிந்திருந்தது, திரும்பி வந்திருக்கிறது என்றார். ஆனால் வழி இருந்தது. “சீக்கிரமா கட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா, மறுபடியும் ஊசி இல்லாம இருக்க வாய்ப்பு இருக்குங்க. நாள் போகப் போக அது குறைஞ்சுடும். ஊசியைத் தவறவே விடாதீங்க.”

மாஸ்டர் ஒருவேளை கூடத் தவறவிடவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு யூனிட்டை அக்கா கண் முன்னாலேயே அளந்து இழுப்பார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பியதும் ஒரு யூனிட்டைத் துரைக்குப் போடுவார், மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் பீய்ச்சிவிடுவார். குறைந்து போனால் ஒன்றும் கெட்டுவிடாது, கூடிப் போனால் உயிரே போய்விடும் என்பது அவர் கணக்கு. சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதருக்குப் பூனை மேல் உயிர். கொடுமையே அதுதான்.

சர்க்கரை இறங்கவில்லை. துரை மெலிந்தான். பின்னங்கால்கள் பலம் இழந்து, குதிகாலைத் தரையில் பதித்து நடந்தான். நாற்காலியில் தாவ முடியாமல் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான். மாஸ்டர் தூக்கி உட்கார வைப்பார். டாக்டர் குழம்பிப்போய் அளவை மூன்றாக்கினார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அக்கா பக்கத்தில் இருந்தாள், விழுங்கிவிட்டார். மூன்றை இழுத்து ஒன்றையே போட்டார்.

தேர்வு நாள் அன்று விடியும்போதே கிளம்ப வேண்டியிருந்தது. துரையின் சாப்பாட்டையும் ஊசியையும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று முறை தேர்வில் தோற்ற பேக்கரிக்காரப் பெண்மணி அன்று நான்காவது முறை முயல இருந்தாள். அவளுக்குக் கடைசி ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். மாஸ்டர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

அக்கா குரலில் பெருமையும் கவலையும் கலந்திருந்தன. தம்பி ஒருவனே பாடுபடுகிறானே என்று, டாக்டரின் உதவியாளரிடம் போய், தலையணையில் குத்திக் குத்தி, ரகசியமாக ஊசி போடப் பழகியிருந்தாள். இன்று துரை சாப்பிட்டதும் போட்டும்விட்டாள். ஆனால் அவன் ஒரேயடியாகத் தூங்குகிறான், கூப்பிட்டால் தலையைத் தூக்கவில்லை.

“எவ்வளவு போட்ட?” என்றார் மாஸ்டர்.

“மூணுதான். நீ தினம் போடறதுதானே?”



“இல்லக்கா. நான் ஒண்ணுதான் போட்டுட்டு இருந்தேன். மீதிய தொட்டில விட்டுட்டேன்.”

 இணைப்பு கொடுத்த காலத்திலிருந்தே தொலைபேசியில் அழுது அவளுக்குப் பழக்கமில்லை.

“இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு,” என்றாள் அக்கா.

தேனைத் தடவச் சொன்னார், துண்டில் சுற்றித் தயாராக வைக்கச் சொன்னார். இடம் மாறி உட்காரலாம் என்று கதவைத் திறக்கப் போனார், கைப்பிடி என்று நினைத்துக் கண்ணாடி இறக்கும் பிடியைச் சுற்றினார். பேக்கரிக்காரப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீடு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு வண்டியை எடுத்தாள். முதல் திருப்பத்திலேயே மாஸ்டர் மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. இரண்டாவது தெருவிலும் அப்படியே.

“மாஸ்டர், நீங்க காலை எடுத்தாத்தான் போய்ச் சேர முடியும்.”

அவர் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். பள்ளியின் பெயர் எழுதிய காரில், வாத்தியார் அப்படி உட்கார்ந்து போனதைத் தெருவே பார்த்தது. அவள் ஒழுங்காகவே ஓட்டினாள். வேண்டிய இடத்தில் தானே பிரேக் போட்டாள்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். துண்டுக்குள் துரை தொளதொளவென்று கிடந்தான். தேன் தடவிய அவள் விரலில் பல் பட்டு ரத்தம். “கடிச்சான்டா,” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

துரை பிழைத்தான். குளுக்கோஸ் ஏறி, சாயங்காலம் கண் திறந்து, எல்லோரையும் முறைத்தான். மாஸ்டர் ஒன்று விடாமல் டாக்டரிடம் ஒப்பித்தார். அவர் கத்தவில்லை. நீங்கள் போட்டதாகச் சொன்னதை நம்பித்தான் அளவை ஏற்றினேன் என்றார். பழையபடி ஊசியில்லாத காலம் வருமா என்று கேட்டதற்கு, வரலாம், ஆனால் நல்ல வாரங்கள் வீணாகிவிட்டன, இனிமேல் உறுதி சொல்ல முடியாது என்றார். மாஸ்டர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். குறைந்தால் ஒன்றும் கெடாது என்ற கணக்கு தப்பு என்று தெரிய அவருக்கு இவ்வளவு ஆயிற்று.

இரண்டு யூனிட்டிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். துரை வீட்டுக்கு வந்த அன்று மாலை, தட்டை வழித்து நக்கியதை இருவரும் பார்த்தார்கள். மாஸ்டர் மருந்தை இழுத்தார். அக்கா இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பாதி அழுத்தியதும் கட்டைவிரல் நின்றுவிட்டது.

“பயமா இருக்குக்கா.”

“எனக்கும்தான். பயந்துக்கிட்டே முழுசா போடு.”

அவர் முழுசாகப் போட்டார்.