ஜெனிற்றாவின் ஒல்லிக் கயாக்

இன்று காலை தோழி ஜெனிற்றாவுடன் மண்டைதீவுக் கடலில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டப் போனேன்.

என்னுடையது அகலம், இலேசில் கவிழாது. ஆனால் திருப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். அவளுடைய புதியது ஒல்லி. இடுப்பைச் சற்றுச் சாய்த்தாலே அலைக்குள் வளைந்து திரும்புகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

"உது ஆடுதெல்லே? எனக்கு ஆடாததுதான் விருப்பம்," என்றேன்.

"ஆசையெண்டால் ஏறிப் பாரன்," என்றாள்.

ஆழமில்லாத இடத்தில் மாறி ஏறினோம். துடுப்பைப் போட்டதுமே நான் கவிழ்ந்தேன். இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று பார்த்தால், அவள் என் கயாக்கில் காலை நீட்டிக் குடுவையிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"உன்ரை எவ்வளவு சுகமடி! பேசாமல் இருந்துகொண்டே வரலாம்."

என் கயாக்கைப் பார்த்தே எனக்குப் பொறாமை வந்தது இன்றுதான்.

உங்களுக்கு எது விருப்பம், ஆடாததா, சட்டென்று திரும்புவதா? ஜெனிற்றாவுக்கு இரண்டும் பொருந்துகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.