அரை மாத்திரைக் குடும்பம்

பிரஷர் கிளினிக்ல தாதியா இருக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. உக்குவளைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில நான் படுற பாடு, வீட்டுல ஒரு பிரஷர்காரரை வச்சிக்கிட்டு அல்லாடுற உங்களுக்கு நல்லாவே விளங்கும்.

வலிக்காத வீக்கம்

தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்குற செல்லம்மா அக்காவுக்கு மூணு மாசமா பிரஷர் இறங்கவே இல்லை. மூத்திரத்துல புரோட்டீன் வேற போக ஆரம்பிச்சிருச்சு. இப்படியே விட்டா கிட்னி போயிரும்னு எங்க டொக்டர் நோனா, அதான் டொக்டரம்மா, சிங்களத்துல சொல்ல, நான் தமிழ்ல விளக்குனேன்.

"பிரஷர் கூடுனா கிட்னிக்குப் போற ரத்தக் குழாய் கெட்டுப்போகுது. ரத்தம் பத்தலைன்னு கிட்னி ஒரு ஹோமோனைக் கிளப்பி விடுது. அது உடம்புல உப்பைத் தேக்கி, குழாயை இன்னும் இறுக்குது. நகச்சுத்து வந்த விரல் மாதிரி குழாய் உள்ளுக்குள்ள வீங்கி, தழும்பாகி, கடைசியில கிட்னி வேலை செய்யாம போகுது. அந்த ஹோமோனைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை."

எனக்குத் தொண்டையே வறண்டு போச்சு. அக்கா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னாங்க: "வலிக்காத வீக்கத்துக்கு எதுக்கு மிஸ் மாத்திரை?"

பாக்குவெட்டி

நோனா இன்னொரு மாத்திரை கூட்டி எழுதப் போனாங்க. எனக்கு என்னமோ சந்தேகம். "ஒரு மாசம் பொறுங்க நோனா"ன்னு சொல்லி, வீட்டுல மிச்சமிருக்குற மாத்திரையை எல்லாம் அடுத்த தடவை கொண்டு வரச் சொன்னேன். அக்கா ஒரு போத்தல்ல கொண்டு வந்தாங்க. கொட்டிப் பார்த்தா, அத்தனையும் அரை அரையா பாக்குவெட்டியில நறுக்குனது!

மத்த பாதி வீட்டுக்காரர் ராமையாவுக்காம். தோட்டத்துல எல்லாருக்கும் பிரஷர் பார்த்தப்போ அவருக்கும் கூடுதலா இருந்திருக்கு. கிளினிக்குப் போனா இல்லாத வருத்தம் வியாதியை எல்லாம் கண்டுபிடிச்சிருவாங்கன்னு மனுஷன் வர மாட்டேன்னுட்டாராம். எனக்கு வந்த கோவத்துல, "அப்ப கிட்னியையும் பாதி குடுப்பீங்களோ?"ன்னு கத்திட்டேன். அக்கா அசரவே இல்லை: "கேட்டா குடுக்கத்தானே மிஸ் வேணும்?"

ராமையா அண்ணன் வந்தார்

புருஷன் வராட்டி அக்காவுக்கும் மாத்திரை கிடையாதுன்னு ஒரு பொய்யை அவுத்து விட்டேன். மறு கிழமையே அண்ணன் சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்து நின்னார். பிரஷர் அக்காவை விட அவருக்குத்தான் கூட. அவருக்கும் பேரெழுதி ஒரு கிளினிக் கொப்பி போட்டு, முழு மாத்திரையா குடுத்தோம்.

ரெண்டு மாசத்துல அக்காவோட பிரஷர் நல்லா இறங்கிருச்சு. ஆனா புரோட்டீன் போறது நிக்கலை. கெட்ட இடம் கெட்டதுதான், மிச்சத்தையாவது காப்பாத்தணும்னு நோனா சொன்னதைச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டுனாங்க. அண்ணன் முகம் செத்துப்போச்சு. அக்கா மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து, மெதுவா என் மேசைக்கு வந்தார். குனிஞ்சு ரகசியமா கேட்டார்: "எனக்குப் பாதி பழகிப்போச்சு மிஸ், என்னோட மத்த பாதியை அவளுக்குச் சேர்த்துக் குடுக்கவா?"

ஹோமோனைத் தடுக்குற மாத்திரை எங்ககிட்ட இருக்குங்க, இந்தப் புருஷன் பொஞ்சாதியைத் தடுக்குற மாத்திரையைத்தான் இன்னும் எவனும் கண்டுபிடிக்கலை.