தூசியை எழுதிக் கொடுத்த நாள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அண்ணன். நான். கம்பெனி முதலாளி, முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், காலில் வெள்ளை ஷூ. கழுத்தில் அடையாள அட்டையோடு கணக்குப் பார்க்கும் பெண். இரண்டாவது சாட்சிக்காகக் கீழேயிருந்து கூப்பிட்டு நிற்க வைத்த டிரைவர். டீ கொண்டு வந்த அம்மா கதவுவரை வந்து டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டார். கையெழுத்துப் போடும்போது அவர் உள்ளே இல்லை, அதனால் அவரைச் சேர்க்காதீர்கள் என்று பிறகு வக்கீல் சொன்னார். ஐந்து பேரில் கன்னடம் படிக்கத் தெரியாதவன் அண்ணன் மட்டும்தான். அவனுக்குப் படித்துச் சொன்னவள் நான்.

அண்ணன் இருபத்தோரு வருடமாக ஒரு காமிக்ஸ் போடுகிறான். போட்டான் என்றுதான் எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. அதில் வரும் ஆளுக்குப் பெயர் தூசி. கிரானைட் பாலிஷ் பட்டறையில் கூலி வேலை. காண்ட்ராக்டர் கூலியைக் கொடுக்காமல் ஓடினால், வட்டிக்காரன் யாருடைய ஆட்டோவையாவது இழுத்துக்கொண்டு போனால், இவன் உடம்பு முழுக்கத் தூசியாகி எழும்புவான். எதிரியின் மூக்கில் புகுவான், வண்டி எஞ்சினில் புகுவான், லாக்கரின் சாவித் துவாரத்தில் புகுவான். அடிக்க முடியாது, பிடிக்க முடியாது. மழை ஒன்றுதான் அவனுக்கு ஆகாது. நனைந்தால் சேறாகிக் கீழே விழுந்துவிடுவான், காயும்வரை போகிறவர் வருகிறவரெல்லாம் மிதிக்கலாம். பெங்களூர் மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எந்த இதழை எடுத்தாலும் தூசி வானத்தை அண்ணாந்து பார்க்கிற கட்டம் ஒன்றாவது இருக்கும். படிக்கிறவர்கள் அந்தக் கட்டத்துக்குத்தான் பயப்படுவார்கள். எனக்கும் மிகவும் பிடித்தது அதுதான். எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஆளை எனக்குப் புரியும்.

அண்ணனும் அப்படி ஒரு பட்டறையில்தான் வேலை செய்கிறான். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று தலையைத் தட்டினால் வெள்ளையாகக் கொட்டும். கை கழுவிவிட்டு, சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் வரைவான். எழுத்து என் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டு கார்மென்ட்ஸில் நூல் வெட்டப் போனவள் நான். ஆனால் என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பாத்திரங்கள் பேசுவதை பலூனுக்குள் எழுதுவது நான்தான், முதல் இதழிலிருந்தே. அண்ணன் இடம் விடவே மாட்டான்.

"எங்கண்ணா எழுதறது? உன் ஆளு நெஞ்சு மேலயா?"

"சின்னதா எழுது பாப்பா."

"இதுக்கு மேல சின்னதா எழுதினா எறும்புதான் படிக்கும். தூசிக்கு எதுக்கு இவ்ளோ தோளு? ஊதினா போயிடுவான்."

"உனக்கு எழுதறதுக்கு இடம் வேணும்னு என் ஆள ஒல்லியாக்க முடியாது."

திட்டிக்கொண்டே தோளை அழித்து பலூனைப் பெரிதாக்குவான்.

முந்நூறு பிரதி அச்சடிப்போம். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடை, ஒக்கலிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, ஜோகுபாளையத்தில் ஒரு சலூன், இந்த மூன்று இடத்தில் கிடைக்கும். சலூனில்தான் அதிகம் பேர் படித்தார்கள். கடைக்காரர் சொல்வார், "உங்கண்ணன் புக்கு நல்லா ஓடுது. விக்கத்தான் மாட்டேங்குது." வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்துவிட்டு முடி வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படியே அறுபத்துமூன்று இதழ் வந்தது. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் அடியில் ஒரு வரி எழுதச் சொல்வான்: 'தூசி என் சொந்த ஆள். யாருக்கும் வாடகைக்குக் கிடையாது.' ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் தன் ஃப்ளெக்ஸில் தூசியைப் போட்டுக்கொள்ளக் கேட்டார். இன்னொரு தடவை சிமெண்ட் கடைக்காரர். இருவருக்கும் முடியாது என்றான். கட்சிக்காரரை அனுப்பிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான், நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஒரு வாரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சுபாவம் அது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். கரண்ட் பில், தண்ணீர் பில், எதையும் தூக்கிப் போட்டதில்லை. வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இந்த வீட்டில் ஏதாவது தப்பு நடந்தால் அது என் கண்ணில் படாமல் நடக்காது என்று நினைத்திருந்தேன்.

புத்தகமும் கார்ட்டூனும் போடுகிற அந்தக் கம்பெனி தானாகத்தான் வந்தது. தூசியின் பக்கங்களை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், முதலாளி பார்த்திருக்கிறார். பழைய இதழ்களிலிருந்து பன்னிரண்டு கதையை எடுத்துக் கன்னடத்தில் ஒரே புத்தகமாகப் போடலாம் என்றார். நாற்பதாயிரம் ரூபாய், செக்காக, அன்றைக்கே. கன்னடத்தில் பெயர் தூளு, தூசிக்கு அங்கே அதுதான் வார்த்தை.

"தமிள்லயும் தூள் அந்த்ரெ சூப்பர் தானே அண்ணா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டான். அவனுடைய ஆளைப் பற்றி அவனிடமே ஒருவர் ஜோக் சொல்லி, அது நன்றாகவும் இருந்தது அதுதான் முதல் தடவை.

காகிதம் இங்கிலீஷில் தயாராக இருந்தது. அண்ணன்தான் தடுத்தான். "இங்லீஷ் வேணாம் சார். எங்க ரெண்டு பேருக்கும் வராது. கன்னடத்துல குடுங்க, தங்கச்சி படிப்பா." அண்ணன் கன்னடம் தண்ணீர் மாதிரிப் பேசுவான், படிக்க வராது. பள்ளியில் கன்னட பீரியடில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படம் போட்டவன். நான் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன். ஒரு வாரம் கழித்துக் கன்னடத்தில் அடித்து வைத்திருந்தார்கள். நாங்கள் கேட்டு வாங்கியது அது.

பன்னிரண்டு பக்கம். மேலே தடித்த எழுத்தில் 'ஹக்கு பிடுகடெ பத்ர'. ஹக்கு என்றால் உரிமை. பத்ர, பத்திரம். பிடுகடெ எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. படம் ரிலீஸானால் போஸ்டரில் பிடுகடெ என்றுதான் இருக்கும். புத்தகம் வெளியிட்டால் மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரில் புஸ்தக பிடுகடெ. மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன்: புத்தகத்தை வெளியிடுகிற உரிமைக்கான பத்திரம். சரியாகத்தானே இருக்கிறது. இருந்தாலும் கேட்டேன்.

"சார், இது பிடுகடெக்குத்தானே?"

"ஹௌது அக்கா, பிடுகடெ பத்ரானே."

அவர் பொய் சொல்லவில்லை. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தலைப்பு புரிந்துவிட்டது என்ற தைரியத்தில் உள்ளே இருந்த நீள நீள வாக்கியங்களை, தெரிந்த வார்த்தைக்குத் தெரிந்த வார்த்தை தாவிப் படித்துக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கதவு எண் தப்பாக இருந்தது. ஏழுக்குப் பதில் ஒன்று. அதைக் கண்டுபிடித்துக் காட்டினேன். கணக்குப் பார்க்கும் பெண் அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி மறுபடி அச்செடுத்து வந்தாள்.

"அக்கா லாயர் ஆக்பேகித்து," என்றார் முதலாளி. அக்கா வக்கீலாகியிருக்க வேண்டியவர் என்கிறார். டிரைவர்கூடச் சிரித்தார். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தான். "போடலாமா பாப்பா?"

"போடுண்ணா. ரிலீஸுக்கான பேப்பர்தான்."

அவன் போட்டான். அதற்குக் கீழே சாட்சியாக நான் போட்டேன், என் அச்சு மாதிரிக் கையெழுத்தில்.

புத்தகம் வந்தது. வழவழ தாள், கெட்டி அட்டை. அண்ணன் பெயர் பின்னட்டையில் அடியில், அரிசி மணி அளவுக்கு இருந்தது.  நாங்கள் பாட்டுக்கு அறுபத்துநான்காம் இதழை அச்சடித்து, எப்போதும் போல மூன்று கடைக்கும் கொடுத்தோம். ஒரு மாதத்தில் கூரியரில் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது.

நான் இப்போது ஒரு பி.ஜி.யில் சமைக்கிறேன். ஐ.டி. வேலைக்கு வந்த பையன்கள் தங்குகிற இடம். அங்கே சேலத்துக்காரத் தம்பி ஒருவர் உண்டு, சாம்பாரில் புளி கூடினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவரிடம்தான் நீட்டினேன். நின்றுகொண்டே படித்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க அண்ணன் இனிமே தூசிய போடக் கூடாதாம். போட்டா கேஸாம்."

"அவன் ஆள அவன் போடக் கூடாதா?"

"அவரு ஆளு இல்லியாம். எழுதிக் குடுத்துட்டீங்களாம்."

அதோடு விட்டிருக்கலாம். அவர் போனை எடுத்துத் தேடி, அந்தக் கம்பெனி போட்டிருந்த இரண்டு நிமிடக் கார்ட்டூன் ஒன்றைக் காட்டினார். எனக்கு அனுப்பியும் வைத்தார். அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் காட்டினேன். தூளு சிவப்பாக, தாடியோடு, லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு இருந்தான். கொட்டுகிற மழையில் கட்டடத்துக்குக் கட்டடம் பறந்தான். அண்ணன் கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போனைக் கையில் வாங்கினான்.

"மழையில எப்படிப் பறப்பான்?" என்றான். மறுபடி ஓட விட்டான். "பாப்பா, மழையில இவன் எப்படிப் பறப்பான்?"

இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போய் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். அவர் பத்திரத்தின் தலைப்பைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏம்மா, உங்க வீட்ல சொத்து பாகம் பிரிச்சதே இல்லியா?"

"சொத்து இருந்தாதானே மேடம்."

"சொத்துல பொண்ணுங்க எனக்குப் பங்கு வேணாம், அண்ணன் தம்பியே வெச்சுக்கட்டும்னு எழுதிக் குடுப்பாங்க இல்ல, அதுதான் இந்தப் பத்திரம். ஹக்கு பிடுகடென்னா உரிமைய விட்டுடறது. இதுல உங்க அண்ணன் அந்தப் பாத்திரத்தையே விட்டுக் குடுத்திருக்காரு. பேரு, உருவம், கதை, இதுவரைக்கும் வந்தது, இனிமே வரப்போறது, எல்லாம்."

ஒவ்வொரு இதழிலும் சொந்த ஆள் என்று எழுதியிருக்கிறோமே என்று கேட்டேன். அது எழுதினது முன்னாடி, இது கையெழுத்து போட்டது பின்னாடி என்றார். கேஸ் போடலாம், ஏழெட்டு வருடம் ஆகும். படித்துக் காட்டியதும் நாங்களே, சாட்சியும் நாங்களே, போதாததற்குக் கதவு எண்ணைத் திருத்தி வேறு வாங்கியிருக்கிறோம். "படிக்காம போட்டோம்னு இனி சொல்ல முடியாதும்மா," என்றார்.

வீடு வாசல் உள்ள குடும்பமாக இருந்திருந்தால் அந்த வார்த்தை எனக்குத் தெரிந்திருக்கும். கல்யாணமான கையோடு என் முன்னாலும் ஒரு பத்திரத்தை நீட்டியிருப்பார்கள், நானும் அழுதுகொண்டே போட்டுப் பழகியிருப்பேன். மற்ற வீடுகளில் தங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கிறாள். எங்கள் வீட்டில் தங்கை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுக்க வைத்தாள்.

கோர்ட்டிலிருந்து வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னான்: "சிலிண்டர மூணு வாட்டி பாப்ப. பூட்ட நாலு வாட்டி இழுப்ப. பொறந்ததுல இருந்து நீ பயப்படாம இருந்தது அந்த ஒரு நாளுதான்."

  அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை. கோபமாக இன்னும் நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

முதலாளியைப் போய்ப் பார்த்தோம். டீ வந்தது. மரியாதையாகத்தான் பேசினார். கார்ட்டூனுக்கு, புத்தகத்துக்கு, விளம்பரத்துக்கு என்று செலவுக் கணக்கை எடுத்துக் காட்டினார். மூன்று லட்சம் கொடுத்தால் தூசியைத் திருப்பி எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். "கஷ்டப்படோரு நீவு, வட்டி பேடா." நாங்கள் கஷ்டப்படுகிறவர்களாம், அதனால் வட்டி வேண்டாமாம். நாற்பதாயிரத்துக்குப் போன ஆள் மூன்று லட்சத்துக்கு வருகிறான், வட்டி இல்லாமல். இந்தத் தடவை காகிதத்தை வக்கீல் அம்மா படித்தார். கடைசி ரூபாய் கட்டும்வரை தூசி அவர்களுடையவன். நாங்கள் அச்சடிக்கவோ விற்கவோ கூடாது. வீட்டில் வரைந்து வைத்துக்கொள்ளலாமா என்று வக்கீல் அம்மாவிடம் கேட்டேன், தாராளமாக என்றார்.

ஆனால் அண்ணன் வரைய மாட்டேன் என்கிறான். "அடுத்தவன் ஆள நான் எதுக்கு வரையணும்?" அறுபத்தைந்தாம் இதழில் தூசி இல்லாத கட்டங்களை மட்டும் வரைகிறான். காண்ட்ராக்டர் இருக்கிறார், கூலி கேட்டு நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள், பின்னால் கறுத்து வருகிற வானம்கூட இருக்கிறது. தூசி வர வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. எனக்கு இப்போது எழுத இடமோ இடம். எழுதத்தான் ஒன்றும் இல்லை, பேச வேண்டிய ஆள் அங்கே இல்லையே.

மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் ஆறாயிரம் அனுப்புகிறேன். நாலாயிரம் என் சம்பளத்திலிருந்து, இரண்டாயிரம் அண்ணனுடையது. போனில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று ஏழெட்டு தடவை பார்ப்பேன். அவர் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாகப் போடுவார். அதையும் படம் பிடித்து வைத்திருக்கிறேன், பதினேழு மாதத்துக்குப் பதினேழு கட்டைவிரல். அண்ணனுக்கு இருமல் கூடிவிட்டது, பட்டறைக்கு வாரத்தில் நான்கு நாள்தான் போகிறான். அவன் பங்கு இரண்டாயிரம் அடுத்த மாதம் வருமா என்று தெரியவில்லை. இதுவரை கட்டியது ஒரு லட்சத்து இரண்டாயிரம். பாக்கி ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் ரூபாய்.